அந்த ஊசி நமக்கு ஒத்துக்காது என்று நான் சொன்னது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாவின் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிவிட்டது, பிடுங்கியாக வேண்டும் என்றாய். நம் குடும்பத்துக்கு மரத்துப்போகும் ஊசி ஒத்துக்காது என்று நீ சொல்லிவிட்டதால் டாக்டர் யோசிக்கிறார், ஒன்று பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார், வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் என்றாய். ஏழு வயதுப் பிள்ளையை மயக்கத்தில் படுக்க வைப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றாய். எல்லாவற்றுக்கும் நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டபோது, டாக்டர் சொல்கிறபடி செய் என்று சொல்லிப் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பூண்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு சோலியும் இல்லை.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அந்த ஊசி எனக்கு ஒத்துக்காமல் போனதே இல்லை. இரண்டு தடவை போட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் என் உடம்பு ஏற்றுக்கொண்டது. உனக்கு ஒத்துக்குமா ஒத்துக்காதா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் உனக்கு யாரும் போட்டதே இல்லை. நம் குடும்பத்தில் அந்த ஊசியால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அது நான் சொன்ன பொய். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிற பொய். இதுவரை எழுதியதை முதலில் டாக்டரிடம் காட்டு. பாப்பாவுக்கு எது சரி என்று அவர் சொல்லட்டும், ஆனால் என் பொய்யைக் கணக்கில் எடுக்காமல் சொல்லட்டும். மீதியை உனக்கு மனசு வரும்போது படித்துக்கொள்.

திங்கட்கிழமையும் நேற்றும் உன் நம்பரைப் போட்டுப் போட்டு நிறுத்தினேன். ஒரு தடவை நீ எடுத்துவிட்டாய், நான் பேசாமல் வைத்துவிட்டேன். மலையில் சிக்னல் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தத் தாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். அறுபத்து நாலு வயதில் மகனிடம் வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று வைத்துக்கொள்.

உனக்கு அப்போது மூன்று வயது. பூண்டு எடுக்கிற சமயம். எனக்குக் கீழ்வாயில் ஒரு பல் ஆட்டி வைத்தது. ஊருக்கெல்லாம் பூண்டு விற்கிறவன் வீட்டில் வைத்தியத்துக்குப் பஞ்சமா? உன் அம்மா ஒரு பல் மலைப்பூண்டை நசுக்கி ஈறில் வைத்து அழுத்திக் கட்டச் சொன்னாள், நானும் ராத்திரி முழுக்க அதை வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. பல்வலியோடு புண்ணும் சேர்ந்துகொண்டது. மேல்மலையில் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள், நீ யாருக்கும் சொல்லிக் கொடுக்காதே. கடைசியில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருந்த பல் டாக்டரிடம் போவது என்று முடிவானது. அப்போது அவருக்கே ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

நான் கிளம்பிய நாள் கிருத்திகை. நீ பிறந்த வருஷம் உனக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாய். அப்போது பழநி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன், உனக்கு ஐந்து வயது முடியும்வரை கிருத்திகைதோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சாயங்காலம் வரை இருக்கிறேன் என்று. அதனால் முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு சரி. வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து, இரண்டு மணி நேரம் வளைவுகளில் குலுங்கி, வெறும் வயிற்றோடு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே சாப்பிட்டீர்களா என்பதுதான். விரதம் என்று சொன்னால் இன்னொரு நாள் வாருங்கள் என்பார், காட்டில் ஆள் விட்டிருக்கிறது, ஒரு நாள் போய்விடும். அதனால் "ஆச்சுங்க, வயிறு நெறைய" என்றேன். டாக்டர் கேட்கிற கேள்விகளிலேயே சின்னக் கேள்வி இது என்று நான் நினைத்தேன். இப்போது தெரிகிறது, அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது.

ஊசி போட்டார். எறும்பு கடித்த மாதிரி ஒரு வலி, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. காது அடைத்தது, முதுகெல்லாம் வேர்த்தது. கொடைக்கானல் குளிரில் சட்டை நனைகிறதே என்று நினைத்தது வரைதான் ஞாபகம். கண் திறந்தபோது நாற்காலியைச் சாய்த்திருந்தார், என் தலை கீழேயும் கால் மேலேயும் இருந்தது. நினைவு நன்றாகத் திரும்பியதும் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். விரதம் போயிற்று. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், மூச்சு விடச் சொல்லிக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இது மருந்து ஒத்துக்காம வந்ததில்லங்க. ஒத்துக்கலைன்னா ஒடம்புல தடிப்புத் தடிப்பா வரும், ஒதடு, கண்ணு வீங்கும், மூச்சு இரைக்கும். ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. வெறும் வயிறு, பயம், மயக்கம், அவ்வளவுதான். நாளைக்கு யாரு கேட்டாலும் இத இப்படியே சொல்லுங்க."

நெஞ்சு படபடத்ததற்கும் காரணம் சொன்னார். மரப்பு சீக்கிரம் போய்விடாமல் இருக்கவும் ரத்தம் அதிகம் வராமல் இருக்கவும் அந்த மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்கிறார்களாம். அதுதான் இரண்டொரு நிமிஷம் நெஞ்சைத் தட்டிவிட்டுத் தானே அடங்கும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்றார். அரை மணி நேரம் படுக்க வைத்துவிட்டு அன்றைக்கே பல்லைப் பிடுங்கினார். எனக்கு ஒரு வலியும் இல்லை. இழுக்கிறது தெரிந்தது, அழுத்துகிறது தெரிந்தது, வலி மட்டும் இல்லை. ஊசி தன் வேலையை முழுசாகச் செய்தது.

அதை அப்படியே ஊரில் வந்து சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நேர்த்திக்கடன் உடைந்தது உன் அம்மாவுக்குத் தெரிந்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுவாள், அதனால் மறைத்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பாதிதான். மீதி வெட்கம். நம் ஊரில் மல்லாந்தான் வீடு உனக்குத் தெரியும். அந்த மனிதர் ஒரு தடவை ரத்தம் எடுக்கிற முகாமில் ஊசியைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்து விழுந்தார். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் நான். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய சொந்தப் பெயரைப் பார்த்து, இது யார் வீட்டுக் கல்யாணம் என்று நானே கேட்டேன். அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டு, நானும் ஊசி போட்டதும் விழுந்தேன் என்று காட்டில் பூண்டு பிடுங்குகிற இருபது பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? அதனால் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்தேன். மரப்பு ஊசி என் உடம்புக்கு ஒத்துக்கவில்லை, உயிர் போய் வந்தது, பிறகு ஊசி இல்லாமலே பிடுங்கினார்கள் என்றேன். ஒரே நாளில் நான் வீரனாகிவிட்டேன். உன் அம்மா எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

பொய் நம்மோடு நிற்கும் என்று நினைத்தேன் தம்பி. அது நடந்து போனது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பாரத்தில் ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. உன் அம்மா, அப்பனுக்கு இருக்கிறது பிள்ளைக்கும் இருக்கும் என்று, மரப்பு ஊசி என்று அதில் எழுதினாள். அவள் பயந்து எழுதினாள், தாய் அப்படித்தான் எழுதுவாள். கீழே கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்கு அது ஒரு சின்னக் கட்டம், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

வந்தது உனக்குப் பன்னிரண்டு வயதில். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். உன் கன்னம் ஒரு பக்கம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் இருந்தாய். உன் அம்மா நாயுடுபுரம் டாக்டரிடமே போகலாம் என்றாள். அவரிடம் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் பழைய நோட்டை எடுப்பார், உங்கள் வீட்டுக்காரருக்கு வெறும் மயக்கம்தானே வந்தது என்று அவள் முன்னாலேயே கேட்பார். அதனால் எனக்குச் செய்த மாதிரி இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அவர் ஊசி இல்லாமல் பல்லைத் தொடமாட்டார், வத்தலக்குண்டில் ஒருத்தர் ஊசி இல்லாமலே எடுக்கிறாராம் என்று சொல்லி உன்னை மலையிறக்கிக் கூட்டிப்போனேன். வளைவுகளில் நீ இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். அந்த ஆள் டாக்டருக்குப் படித்தவர்தானா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை மாடியில் ஒரு அறை, ஒரு மர நாற்காலி.

உனக்கு ஞாபகம் இருக்கும். நான்தான் உன் கை இரண்டையும் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். முதல் தடவை இழுத்ததும் நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"அப்பா, ஊசி போடச் சொல்லுங்கப்பா. ஒத்துக்காட்டியும் பரவால்லப்பா."

நான் அந்த ஆளைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். நான் உன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் இரண்டாம் தடவை இழுத்தார். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும், திரும்ப பஸ் ஏறியிருக்கலாம், மறுநாள் நாயுடுபுரத்தில் வலியில்லாமல் முடிந்திருக்கும். திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வலியில் பேச முடியவில்லை என்று உன் அம்மா நினைத்தாள். நீ என்ன நினைத்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஊரில் நீயும் வீரனாகிவிட்டாய். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு ஒரு பல்லை எடுத்தார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பழைய டாக்டர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, இப்போது அங்கே உன்னைவிடச் சின்ன வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். உன் அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். அந்தப் பெண் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஆனது. சாப்பிட்டீர்களா, பிரஷர் மாத்திரை காலையில் போட்டீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை உண்டா, இருதயத்தில் ஏதாவது, சர்க்கரை ஏதாவது, முன்னால் இந்த ஊசி போட்டு ஏதாவது ஆனதா. நம் ஆட்கள் பல் டாக்டரிடம் போகிற அன்றைக்குத் தாங்களாகவே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு வருகிறார்கள், அதுதான் ஆபத்து என்றாள். எதையும் நாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது, மருந்துச் சீட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும். உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவளை என்றைக்காவது நீ கூட்டிப்போனால் இதை ஞாபகம் வை. சாப்பிட வைத்துக் கூட்டிப்போ.

கடைசிக் கேள்வி வந்தபோது நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நம் ஊர்க்காரர் யாரும் வெளியே இல்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம்தான் முதல் முதலாக உண்மையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"நெறையப் பேரு இப்படித்தான் தாத்தா. ஒரு தடவ மயங்கி விழுந்தா அலர்ஜின்னு சொல்லிக்கிட்டு வந்திர்றாங்க. நெசமான அலர்ஜி ரொம்பக் கம்மி. அத நம்பிக்கிட்டு ஊசியே போடாம வலியில கெடக்குறாங்க பாருங்க, அதுதான் பாவம்."

நான் அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படுக்க வைத்து, ஈறில் முதலில் ஏதோ களிம்பு தடவி, ஊசியை மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போட்டாள். கீழ்த்தாடைக்கு ஊசி கொஞ்சம் உள்ளே போகும், சில சமயம் சுரீரென்று மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் என்னிடம் சொல்லுங்கள் என்றாள். நாக்கும் உதடும் பாதி மரத்து, என் முகமே எனக்கு இல்லாத மாதிரி இருந்தது. வலித்தால் கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்துகிறேன் என்றாள். நான் தூக்கவே இல்லை, தூக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை சுலபமான ஒன்றை உனக்குக் கிடைக்காமல் செய்தேனே என்று அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு அழுதேன். வலிக்கிறதா தாத்தா என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன்.

இவ்வளவுக்குப் பிறகாவது திருந்தினேனா? பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன் அம்மா நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஊசி போட்டார்களா என்று பதறிக்கொண்டு கேட்டாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, எச்சில் வழிந்தது, அப்போதும் "இல்ல" என்றேன். பழக்கம் தம்பி, வேறென்ன. அவள் தெருவெல்லாம் சொன்னாள், உனக்கும் சொன்னாள். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கே திருப்பிச் சொன்னாய். நீங்கள் இந்த வயதில் தாங்கினீர்கள், நான் பன்னிரண்டு வயதில் தாங்கினேன், ஆனால் இவள் தாங்கமாட்டாளேப்பா என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எனக்குப் பூண்டுக் காட்டுக்குப் போகத்தான் தெரிந்தது.

இனி பாப்பாவைப் பற்றி. நான் டாக்டர் இல்லை, அந்தப் பெண்ணிடம் நேற்றுப் போய் மறுபடி கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். டூரிஸ்ட் வண்டிகள் செண்பகனூர் வரை நின்றுகொண்டிருந்தன, பஸ் நகரவில்லை, இறங்கிச் சந்துசந்தாக நடந்தே போனேன். சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாக ஏறாதாம், அதனால் சில நாள் மருந்து கொடுத்து வீக்கத்தை வற்றவைத்துவிட்டுப் போடுவார்களாம், அல்லது கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் போடுவார்களாம். ஒரு தடவை மரக்கவில்லை என்றால் ஊசி ஒத்துக்கவில்லை என்று அர்த்தமில்லை. முழு மயக்கமும் கெட்டதில்லை, தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், ஆனால் ஒரு தாத்தா சொன்ன பொய்க்காகக் கொடுக்கக் கூடாது என்றாள். பொய் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, மரியாதையான பெண். அதை நான் சேர்த்தேன்.

சாப்பிடுகிற விஷயத்தில் மட்டும் நீயாக முடிவு செய்யாதே. மரப்பு ஊசி என்றால் பிள்ளை சாப்பிட்டிருக்க வேண்டும், முழு மயக்கம் என்றால் வெறும் வயிறாக இருக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். எது என்று கேட்டுவிட்டு அதன்படி செய், கேட்டால் உள்ளதைச் சொல். ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்துக் கிடக்கும், பிள்ளைகள் அதை வேடிக்கையாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிவிடுமாம். பக்கத்திலேயே இரு. மரப்பு போகும்வரை சூடாக எதையும் கொடுக்காதே, மெல்லவும் கொடுக்காதே. ஊசி வலிக்காது என்று அவளிடம் சொல்லாதே, சுருக்கென்று இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று சொல். போன லீவில் அவள் சாப்பிட அடம்பிடித்தபோது டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன் என்று மிரட்டினேன். தாத்தா அன்றைக்குச் சும்மா சொன்னார், ஊசி உனக்கு நல்லதுதான் செய்யும் என்று அவளிடம் சொல்லிவிடு.

இன்று காலையில் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உனக்குத் தாள் போய்ச் சேர்வதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவள் விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். கிருத்திகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முடிகிறவரை கையை நிறுத்தாமல் பிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வத்தலக்குண்டுல பிள்ள கத்துனப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன். அவள் எழுந்துபோய்ப் பையை எடுத்துத் துணி வைத்தாள், அவளுடையது இரண்டு, என்னுடையது இரண்டு. நாளைக்கு முதல் பஸ்ஸில் கிளம்பிப் பழநி வழியாக வந்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் உன் முன்னாலும் மருமகள் முன்னாலும் நானே என் வாயால் சொல்கிறேன். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லையென்றால் பார்க்க வேண்டாம், சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன். பாப்பாவின் பாரத்திலும் மரப்பு ஊசி ஒத்துக்காது என்று எழுதியிருந்தால் அதை மட்டும் அடித்துவிடு.

உள்ளே நீ போ. பாப்பாவின் கையைப் பிடிக்கச் சொன்னால் மெதுவாகப் பிடி, அவள் உருவிக்கொள்கிற மாதிரி பிடி. வலிக்கிறது என்று அவள் சொன்னால் நம்பு. பயத்தில் சொல்கிறாள், கொஞ்சம் பொறுத்தால் முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நிறுத்தச் சொல். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்பா